பேஸ்மென்ட் வேலை தொடங்குமுன் சுவருக்குப் பின்னால் பாருங்கள்

குளிர் விட்டதும் எங்கள் ஆட்களின் வீடுகளில் பேஸ்மென்ட் கதை தொடங்கிவிடும். ஊரிலிருந்து அம்மா வரப்போகிறார், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மோர்ட்கேஜ் ஏறிவிட்டது, கீழே ஒரு அறையும் வொஷ்ரூமும் போட்டால் நல்லது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். யாரிடமாவது விசாரித்தால் டைல்ஸ் கடையின் பெயரும், மலிவாகச் செய்து தருகிற ஓர் ஆளின் நம்பரும் கிடைக்கும். தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் போன காசையும் அலைச்சலையும் அப்படியே எழுதுகிறேன். இந்த வருடம் வேலை தொடங்க இருப்பவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கள் வீடு ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், எட்டோபிக்கோவில் இருக்கிறது. 1950களில் கட்டிய பங்களோ. அத்திவாரம் கொங்கிரீட் புளொக்கால் கட்டியது. 2021இல் வாங்கியபோது பேஸ்மென்ட் சுவர் முழுக்கப் பழைய மரப் பலகை அடித்திருந்தது. கணவர் நெடுந்தூர ட்ரக் ஓட்டுகிறவர், கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவதே பெரிது. அம்மாவுக்கு மாடிப்படி, பேருந்து எல்லாம் கஷ்டம் என்பதால் கீழே அவருக்கென்று ஓர் அறை, வொஷ்ரூம், பிள்ளைகள் இருந்து படிக்க ஓர் இடம் என்று திட்டம் போட்டோம். 2023 வசந்தத்தில் வேலை தொடங்கியது. 38,000 டொலர் என்று பேச்சு. பாதிக்காசு முதலில் வேண்டும் என்றார் கொன்ட்ராக்டர். கொடுத்தோம்.

பலகையைக் கழற்றிய அன்று நான் கீழே நின்றேன். புளொக் சுவரின் அடியில், முழங்கால் உயரம் வரை, உப்புப் பூத்ததுபோல வெள்ளையாக இருந்தது. விரலால் தட்டினால் மாவாக உதிர்ந்தது. இது என்ன என்று கேட்டேன். "அக்கா, பழைய வீடெண்டால் இது எல்லா இடமும் இருக்கும். வோட்டர்ப்ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சு விடுறன், பயப்படாதேங்கோ" என்றார். அடித்தார். சுவர் வெள்ளை வெளேரென்று வடிவாக இருந்தது. அதற்கு மேல் மரச்சட்டம், நடுவில் குளிர் தடுக்கும் பிங்க் நிற ஃபைபர்கிளாஸ் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ட்ரைவோல் என்கிற ஜிப்சம் பலகை. எல்லாம் ஒரு மாதத்துக்குள் மூடப்பட்டுவிட்டது.

அந்த வெள்ளை என்ன என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். வெளியில் இருக்கும் ஈரம் புளொக்கினூடாக உள்ளே வரும்போது சீமெந்திலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றில் உலர, உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. அதாவது அந்தச் சுவரால் பல காலமாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. உள்பக்கம் அடிக்கும் பெயின்ட் அதை நிறுத்தாது. புளொக்கின் நடுவே வெற்றிடம் இருப்பதால் தண்ணீர் அதற்குள்ளேயே தேங்கி, கீழே சுவரும் நிலமும் சேரும் மூலையால் வெளியே வரும். நாளடைவில் பெயின்ட்டையும் தள்ளி உரித்துவிடும். உங்கள் வீட்டிலும் இப்படி வெள்ளை கண்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, வெறும் கொங்கிரீட் நிலத்திலும் சுவரிலும் நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டிவிட்டு, ஒருநாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் துளிர்த்திருந்தால் ஈரம் கொங்கிரீட்டிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளிர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், அதை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் போட்டால் போதும். இதற்குச் செலவு ஒரு டேப் மட்டும்தான். ஆனால் மழை பெய்து முடிந்த கிழமையில் செய்யுங்கள். காய்ந்த ஓகஸ்டில் செய்தால் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான்.

அம்மா அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கீழே குடிவந்தார். முதல் குளிர்காலத்திலேயே அறையில் ஒரு மணம் பிடித்தது, ஈரச் சாக்கு மணம். மெழுகுதிரி கொளுத்தினோம், கம்பளத்தைக் கழுவினோம். அம்மாவுக்கு இருமல் நின்றபாடில்லை. வைத்தியர் அலர்ஜி என்று மருந்து தந்தார். மணம் என்பது ஒரு தகவல். பூட்டிய அறையில் அது திரும்பத் திரும்ப வந்தால் சுவரின் ஒரு மூலையில் ட்ரைவோலைக் கையளவு வெட்டிப் பாருங்கள். அதை ஒட்டித் திருப்பிப் பெயின்ட் அடிக்க ஒரு மணித்தியால வேலைதான்.

2024 ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 98 மில்லிமீட்டர். டொன் வலி பார்க்வேயில் கார்கள் மிதந்தன, பல இடங்களில் மின்சாரம் போனது. கணவர் வினிப்பெக் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அம்மா கீழிருந்து கூப்பிட்டபோது படியின் கடைசித் தட்டில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அது வடிகானால் வந்த தண்ணீர் இல்லை, மணமும் இல்லை. தெற்குச் சுவரின் அடியில், நீளத்துக்கு, ஊறி ஊறி வந்துகொண்டிருந்தது. மின்சாரம் போயிருந்தபடியால் இறங்கினேன். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் பிளக் மட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டால் ஒருவரும் இறங்கக்கூடாது, மின்சாரப் பெட்டியை அணைக்கத் தண்ணீருக்குள்ளால் நடக்கவும் கூடாது. மின்சார நிறுவனத்தை அழைத்து வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்ல வேண்டும். அந்த இரவு முழுக்க நானும் மகளும் வாளியால் அள்ளினோம். கணவர் தொலைபேசியில் என்ன செய், என்ன செய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா படியில் இருந்து அழுதார். "நான் வந்தபடியால்தானே பிள்ளை உங்களுக்கு இந்தச் செலவு" என்று அவர் சொன்னதைத் தண்ணீரை விடத் தாங்க முடியவில்லை.

ஈரம் உலர்த்த வந்த ஆட்கள் ட்ரைவோலை இரண்டு அடி உயரத்துக்கு வெட்டி எடுத்தார்கள். நனைந்த ட்ரைவோலில் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், அதனால் தாமதிக்கக்கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் வெட்டியவுடனேயே பின்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அது அந்த மழையில் வந்தது இல்லை. பிளாஸ்டிக் தாளுக்கும் புளொக் சுவருக்கும் நடுவில் ஈரம் போக வழியில்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்க அடைபட்டிருக்கிறது. ஃபைபர்கிளாஸ் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அம்மாவின் கட்டில் தலைமாட்டு அந்தச் சுவரோடுதான் இருந்தது.

இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். வந்து பார்த்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கையை விரித்துவிட்டார். எங்களிடம் இருந்தது கழிவுநீர்க் குழாய் திருப்பி அடித்தால் தரும் காப்புறுதி மட்டும். வெளியில் தேங்கிய வெள்ளம் உள்ளே வருவதற்குத் தனிக் காப்புறுதி, அதை நாங்கள் எடுத்திருக்கவில்லை. நாள்பட்டு அத்திவாரத்தால் கசிவதற்குப் பொதுவாக எந்தக் காப்புறுதியும் தராது. எனவே உங்கள் புரோக்கரிடம் "தண்ணீருக்குக் கவர் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஓம் என்றுதான் சொல்வார்கள். கழிவுநீர் திரும்பி வந்தால், நிலத்தின் மேலால் வெள்ளம் வந்தால், சுவரால் கசிந்தால் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உச்சத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொன்ட்ராக்டர் முதலில் போன் எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது, என் வேலைக்குத்தான் உத்தரவாதம், தண்ணீருக்கு இல்லை என்றார். எங்களிடம் இருந்த ஒப்பந்தம் ஒரு பக்கத் தாள். அதில் வொஷ்ரூமுக்குப் பெர்மிட் எடுப்பது யார் என்று ஒரு வரியும் இல்லை. பிறகு நகரசபையில் விசாரித்தால் பெர்மிட் எடுக்கவே இல்லை. ரொறன்ரோவில் சுவரை மூடி நிலம் போடுவதற்கு மட்டும் என்றால் பெர்மிட் தேவையில்லை. புதிதாகக் குழாய் வேலை, வாடகைக்குத் தனிக் குடியிருப்பு, சுவர் இடித்தல் என்றால் கட்டாயம் தேவை. மின்சார வேலை நகரசபையின் கையில் இல்லை. அது ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அதிகார சபையிடம் தனியாகப் பதிய வேண்டியது. செய்கிற நிறுவனத்துக்கு அவர்களுடைய லைசென்ஸ் இலக்கம் இருக்க வேண்டும், அதை இணையத்தில் சரிபார்க்கலாம். கீழே யாரையும் படுக்க வைப்பதென்றால் ஜன்னலையும் அளந்து பாருங்கள். நேராக வெளியே போகக் கதவு இல்லாவிட்டால், திறந்த ஜன்னலின் வழி 0.35 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குச் சிறுக்கக்கூடாது. நெருப்புப் பிடித்தால் அம்மாவோ பிள்ளையோ அந்த ஜன்னலால்தான் வெளியே வரவேண்டும்.

காசு விஷயத்தில் சட்டம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது. ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லாதவரை, அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாகக் கேட்க முடியாது. கட்டுமானச் சட்டத்தின்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அது அவரை நம்பாததால் இல்லை, சட்டமே அப்படித்தான். இதை முதல் நாளே சொன்னால் நல்ல ஆள் ஒன்றும் முகம் சுளிக்க மாட்டார். இரண்டாம் முறை வேலை செய்தவரிடம் சொன்னேன், "தெரியும் அக்கா, எல்லாரும் பிடிக்கவேணும்" என்றார். பாதிக்காசை முற்பணமாகக் கேட்கிறவர் உங்கள் காசில் முன்னைய வீட்டு வேலையை முடிக்கிறவராக இருக்கக்கூடும். சாமான் வாங்க ஒரு சிறு தொகை, பிறகு ஒவ்வொரு கட்டம் முடிய ஒரு தொகை என்று பேசுங்கள்.

தண்ணீர் ஏன் தெற்குச் சுவரால் மட்டும் வந்தது? இதற்கு மூன்று பேரைக் கூப்பிட்டோம். ஒருவர் வீட்டைச் சுற்றி முழுக்கத் தோண்டி வெளியிலிருந்து மெம்பிரேன் என்கிற தண்ணீர் புகாத தாள் ஒட்ட 31,000 டொலர் கேட்டார். இன்னொருவர் உள்ளே நிலத்தை ஓரமாக உடைத்துக் குழாயும், குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்பும் போட 14,500 என்றார். மூன்றாமவர் வயதானவர், உள்ளே போகவே இல்லை. வெளியில் வீட்டைச் சுற்றி நடந்தார். தெற்குச் சுவரோடு ஒட்டி அம்மாவின் தோட்டப் பாத்தி இருந்தது. முன்னைய சொந்தக்காரர் பூப்பாத்தியாக மண் ஏற்றி வைத்திருந்த இடம். வெயில் சூடு சுவரில் தங்கும் என்பதால் கத்தரியும் மிளகாயும் அங்கே நன்றாகப் பிடித்தன. பயித்தங்காய்க்கு அம்மா சுவரோடு கயிறு கட்டிப் படரவிட்டிருந்தார். மண் புளொக்குக்கு மேலே செங்கல் வரை ஏறி, வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. அதே மூலையில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நிலத்துக்குள் போய் மறைந்தது. கூரையில் பாதி மழை அந்த மூலையில்தான் இறங்கியிருக்கிறது. அந்தக் குழாயை நிலத்துக்குள் விடாமல் துண்டித்து வெளியே விடுவது ரொறன்ரோ முழுக்கவே 2016 முதல் கட்டாயம். எங்களுக்குத் தெரியாது, வீடு வாங்கும்போது பார்த்தவரும் சொல்லவில்லை.

அந்த ஒரு சுவரை மட்டும் தோண்டினோம். அடியில் பழைய மண் குழாய், இங்கே வீப்பிங் டைல் என்பார்கள், உள்ளே சேறும் மரவேரும் அடைத்து உருட்டிய களிமண் போல ஒரே கட்டியாகக் கிடந்தது. தண்ணீரை எடுத்துச் செல்லவேண்டிய குழாய் அணை கட்டியதாக இருந்திருக்கிறது. புதுக் குழாய், மெம்பிரேன், மேலே சரளைக்கல், உள்ளே சம்ப் பம்ப், கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கக் குழாயில் பக்வோட்டர் வால்வ் எல்லாம் சேர்த்து 17,600 டொலர் ஆனது. இதில் நகரசபை மானியம் உண்டு. 2024இல் செலவின் 80 வீதம் வரை, வால்வுக்கு 1,250, சம்ப் பம்புக்கு 1,750 என்று உச்ச வரம்பு இருந்தது. இரண்டையும் போட்டபடியால் 3,000 திரும்பக் கிடைத்தது. நகரசபை லைசென்ஸ் உள்ளவர் செய்திருக்க வேண்டும், கூரைக் குழாய் துண்டித்திருக்க வேண்டும், வால்வுக்குப் பெர்மிட் வேண்டும். வேலைக்கு முன்னரே விதிகளைப் பாருங்கள், தொகையும் மாறக்கூடும். சம்ப் பம்புக்கு பற்றரி பக்கப் கட்டாயம் போடுங்கள், பெரிய மழை வரும்போதுதான் மின்சாரமும் போகும். வால்வ் மூடியிருக்கும் நேரம் மேலே குளிக்கவோ துணி தோய்க்கவோ கூடாது. உங்கள் தண்ணீரே போக வழியில்லாமல் கீழே எழும்பும்.

மீண்டும் சுவர் கட்டும்போது முதலில் புளொக்கோடு ஒட்டி விறைப்பான ஃபோம் பலகை வைத்தோம், அதற்கு முன்னால் சட்டம். ஈரமான சுவரில் பஞ்சு தொடவே கூடாது. ட்ரைவோலை நிலத்திலிருந்து அரை அங்குலம் தூக்கி அடித்தார்கள். கம்பளத்துக்கு அடியில் 9 அங்குலச் சதுரப் பழைய டைல் இருந்தது. அந்தக் காலத்து டைலில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்பதால், உடைக்காமல் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் கை வைத்தார்கள். மொத்தத்தில் முதல் வேலையில் 20,000 டொலருக்கு மேல் குப்பைக்குப் போனது. உலர்த்தவும் பூஞ்சணம் எடுக்கவும் 6,200, பிறகு தண்ணீர் வேலை, பிறகு மீண்டும் கட்ட 19,000. அம்மா ஒரு குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளின் அறையில் படுத்தார். படிப்படியாக இருமல் விட்டது.

தோட்டத்தைப் பின் வேலியோடு மரப்பெட்டி அடித்து மாற்றினோம். சுவரோரம் இப்போது மண் இரண்டு மீட்டருக்கு வெளியே சரிந்து போகிறது, கூரைக் குழாயின் வாயும் அவ்வளவு தூரம் தள்ளி விட்டிருக்கிறது. அம்மாவுக்கு முதலில் மனமில்லை, வெயில் குறையும் என்றார். மே மாதத்தில் வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு உறைபனிப் பயம் விட்டதும் நட்டோம். கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து மண்ணைச் சூடாக்கிவிட்டு நட்டபடியால் கத்தரி குறை வைக்கவில்லை. கறிவேப்பிலைச் சட்டிகள் மட்டும் குளிருக்குக் கீழே வரும், தட்டு வைத்துத்தான்.

அல்பங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மகள் பள்ளிக்கூட வேலைக்காக அம்மாவோடு இருந்து குடும்பப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு பெரிய அல்பம் செய்துகொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த படங்கள் எல்லாம் அதற்காகக் கீழ் அலுமாரியின் அடித்தட்டில் இருந்தன. நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவற்றை அடுத்த நாள் காயவைத்துப் பிரித்தேன். முகங்கள் அப்படியே உரிந்து வந்தன. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. நனைந்த படத்தைக் காயவிடாமல், சுத்தமான குளிர் தண்ணீரில் மிதக்கவிட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும். படத்தின் முன்பக்கத்தை விரலால் தொடாமல், முகம் மேலே பார்க்க வெள்ளைத் துண்டில் வைத்து உலர்த்த வேண்டும். உடனே நேரமில்லை என்றால் நடுவில் மெழுகுத்தாள் வைத்துப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு ஆறுதலாகப் பிரிக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு காப்பாற்றியவற்றில் அம்மாவின் கலியாணப் படம் ஒன்று. ஓரம் போய்விட்டது, அப்பாவின் தலைப்பாகை இருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் ஸ்கான் செய்து, மூலப்படங்களை மேலே படுக்கையறை அலுமாரியில் வைத்திருக்கிறோம். சாமத்திய வீட்டு, கலியாண வீட்டு வீடியோ நாடாக்கள் கீழே இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் டிஜிட்டல் மையங்களில் அந்த நாடாக்களை மாற்றும் கருவிகள் இருக்கின்றன, நூலக அட்டையோடு முன்பதிவு செய்துவிட்டுப் போனால் சரி.